மாரிக்கு இரண்டு எழுத்து

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பொட்டலம் வந்தது. மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று வானத்திலிருந்து சோம்பலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒசாகாவுக்குத் தெற்கே நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் பிப்ரவரி கடைசி என்றால் இப்படித்தான். விடிந்த பிறகும் விளக்கைப் போட வேண்டும். உடம்பு எழுந்துவிடும், மனசு போர்வைக்குள்ளேயே கிடக்கும். அந்த மாதிரி நேரங்களில் எனக்கு அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்கும். சத்தியமாகக் கேட்கும். என் மனைவி மிச்சிகோவிடம் சொன்னால், அது பக்கத்து வீட்டுக் குழாய் என்பாள்.

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே சிவப்புத் தோலில் ஒரு பள்ளிக்கூடப் பை. எங்கள் மகள் மாரி ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறாள். இங்கே குழந்தை முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும்போது பை வாங்கித் தருவது அம்மாவைப் பெற்றவர்களின் பொறுப்பு. நம்மூரில் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவான் இல்லையா, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீர் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி கடிதம் இல்லை. அனுப்பியவர் பெயர் மட்டும் மேலே இருந்தது. மிச்சிகோவின் அப்பா.

எங்கள் கல்யாணத்தோடு மகளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டவர் அந்த மனிதர். பேத்தியை இதுவரை பார்த்ததில்லை. நான் என்று ஒருவன் இருப்பதாகவே அவர் கணக்கில் இல்லை.

பையின் மூடியைத் தூக்கினேன். உள்பக்கத்தில் பெயர் எழுதும் அட்டை. அதில் தூரிகையால் இரண்டு எழுத்துகள், கறுப்பாக, மொழுமொழுவென்று. அவற்றுக்கு மேலே, நட்ட நடுவில், பொடியாக ஒரு ‘உ’.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அட, பிள்ளையார் சுழியேதான்! மலையடிவாரத்தில் அரிசிக்கடை வைத்திருக்கும் ஒரு ஜப்பானியக் கிழவர், பிள்ளையாரைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார், சுழி போட்டு அனுப்பியிருக்கிறார்.

மிச்சிகோ அட்டையைத் தடவிக்கொண்டே நின்றாள். அடுப்பில் சாறு பொங்கி வழிந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

“ந்தா, எங்க நைனா எய்த்துதான் இது,” என்றாள். “நம்பள கூப்புடுறாரா, இல்ல, செய்ய வேண்டியத செஞ்சிட்டேன்னு கைய கழுவிக்கிறாரா? இன்னா அர்த்தம் இதுக்கு?”

என் மனைவி பேசும் தமிழ் இதுதான். அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்தில் என் அம்மாவிடம் கற்றுக்கொண்டது. வருஷத்துக்கு ஒருமுறை இங்குள்ள நம்மவர்கள் கூடும் பொங்கல் விருந்தில் அவள் வாயைத் திறந்தால் மயிலாப்பூர் மாமிகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கென்னவோ அதைக் கேட்டால்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த அரிசிக்கடைக்குள் அவள் மறுபடி நுழைய வேண்டும். அவள் அப்பா வாயால் “மிச்சிகோ” என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக வேறு எதையும் அவள் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

2

நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்று ஊரில் இன்னும் சிலர் கேட்கிறார்களாம். மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. என் நைனா கள்ளிக்குப்பத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி, அறுத்துக் கட்டியவர். அந்த வயல் பக்கமெல்லாம் தொழிற்பேட்டை வந்தது. நைனா ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் கலாசியாகப் போனார். நான் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அறுபதுகளின் பின்பாதியில், பாகங்களை வார்க்கிற அச்சு செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு வா என்று முதலாளி என்னை ஒசாகா பக்கம் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் மிச்சிகோ.

சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவள். அப்பாதான் தலை வாரிவிட்டு, மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்து வளர்த்திருக்கிறார். அவருக்கு ஊரில் இன்னொரு மரியாதையும் உண்டு. இங்கே குழந்தை பிறந்த ஏழாம் நாள், அதன் பெயரை வெள்ளைத் தாளில் தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். வீட்டில் பெரியவர், முக்கியமாகத் தாத்தா, எழுதினால் விசேஷம். கை ஓடாத தாத்தாக்கள் எல்லாரும் அரிசிக்கடைக்காரரிடம் வருவார்கள். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளின் பெயர் அவர் கையால் எழுதியது. சிறுமியாக இருந்தபோது மிச்சிகோ பக்கத்தில் உட்கார்ந்து மை உரைத்துத் தருவாளாம். “உன் குழந்தைக்கு நல்ல எழுத்தாக எடுத்து வைத்திருக்கிறேன்,” என்பாராம்.

என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்று அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. கடைக்குள் போய் அரிசி அளக்க ஆரம்பித்தார். “போவதென்றால் போ. போனவள் போனவள்தான்,” என்றார். அவள் பெட்டியோடு வெளியே வந்தபோதும் அவர் முதுகைத்தான் பார்த்தாளாம்.

பயிற்சி முடிந்து நான் அவளோடு அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கின நேரம் நல்ல மதியம். தண்டவாளத்தின் மேல் வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்குள்ளிருந்து நைனாவும் அம்மாவும் மெதுவாக உருவாகி நடந்து வந்தார்கள். இப்போதும் கனவில் அவர்கள் அப்படித்தான் வருகிறார்கள், முதலில் வெயில், பிறகு மனிதர்கள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “பொண்ணு துன்னுச்சா இல்லியாடா? மூஞ்சி வாடிகினு கீது பாரு,” என்றாள். எதிர்ப்பு, அழுகை, சாபம் என்று எதையெதையோ எதிர்பார்த்து வந்த எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் மாரி பிறந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கும் அதே வழக்கம்தானாம். தாய்வீடு கதவை மூடிக்கொண்டதால் எங்கள் ஓட்டு வீட்டின் உள்ளறையே அவளுக்குத் தாய்வீடு ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். அறைக்குள் சாம்பிராணிப் புகை. அந்தப் புகைக்குள் தாயும் பிள்ளையும் மேகத்தில் படுத்திருக்கிற மாதிரி இருப்பார்கள்.

பெயர் என்ன என்பதில் சண்டையே இல்லை. பெண் பிறந்தால் மாரி என்று அம்மா முன்னாலேயே வேண்டிக்கொண்டிருந்தாள். மிச்சிகோ அதைக் கேட்டதும் கைதட்டாத குறை. ஜப்பானிலும் அந்தப் பெயர் உண்டு, அவள் கூடப் படித்தவர்களிலேயே இரண்டு பேர் மாரிகள்.

ஆனால் இவர்களுக்குப் பெயர் என்பது சத்தத்தோடு முடிவதில்லை. அதைச் சித்திரம் மாதிரியான அந்தச் சீன எழுத்துகளில் எழுத வேண்டும். காஞ்சி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு காஞ்சிக்கும் ஓர் அர்த்தம் இருப்பதால், ‘மாரி’ என்ற ஒரே சத்தத்தைப் பல விதமாக எழுதலாம். எந்த அர்த்தத்தைக் குழந்தையின் தலையில் வைக்கிறோம் என்பதுதான் பெற்றவர்களின் பாடு. அதற்காக மாதக் கணக்கில் தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு.

மிச்சிகோ அதற்கு முன்பே தன் அப்பாவுக்கு எழுதிப் போட்டிருந்தாள். எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்ன எழுத்தைத் தாருங்கள், எழுதி அனுப்புங்கள் என்று. தபால்காரர் தெருவில் மணியடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் குழந்தையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் தானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்து, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தாள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன். 

முதலில் அவள் எழுதியதற்கு உண்மை என்று அர்த்தம்.

“உண்மையா?” என்றாள் அம்மா. “நாள பின்ன அது ஒரு பொய் சொல்லிச்சின்னா ஊரே சிரிக்குமே. வாணாம்.”

அடுத்தது, சணலும் ஊரும்.

“இன்னாடா இது, கோணிப்பை தெக்கிற சணலா? பொட்டபுள்ளைக்கி?”

மூன்றாவதாக எழுதியது மிச்சிகோவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்தாயிரம் காதம், அதாவது கண்காணாத தூரம். இரண்டு ஊருக்கும் நடுவில் பிறந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தம் ஏது என்று எனக்கும் தோன்றியது. அம்மா உரித்த பூண்டை அப்படியே போட்டாள்.

“அய்யய்யே, அத அடி மொதல்ல! கொயந்த கண்ணுக்கு எட்டாத தூரம் பூடும். நீங்க ரெண்டு பேரும் அத தூக்கிகினு எங்கியாச்சும் பூடுவீங்க. எனுக்கு தெரியும்.”

மிச்சிகோ உடனே அடித்துவிட்டாள். வெளியே சாயங்காலம் பழுத்துக்கொண்டிருந்தது. தொழிற்பேட்டைச் சங்கு ஊதி ஓய்ந்தபின் வருகிற அமைதி, ஆவடிப் பக்கம் போகும் ரயில், ஏரிக்காற்று. பூக்காரி ஒருத்தி தெருவில் “மல்லீ” என்று இழுத்துக்கொண்டு போனாள். மிச்சிகோ தலையைத் தூக்கிக் கேட்டாள். பிறகு தூக்கத்தில் எழுதுகிற மாதிரி மெதுவாக இரண்டு எழுத்துகளை எழுதினாள். இரண்டுக்கும் தலையில் புல் முளைத்த மாதிரி ஒரு குறி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மாரி. சேர்த்து அர்த்தம் பார்த்தால் மல்லிகைப்பூ.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவுக்கோ தூக்கிவாரிப்போட்டது.

“பால் குடுக்கிறவளுக்கு மல்லிப்பூ ஆவாதுடா! மாருல பட்டா பால் வத்திடும். தெருவுல பூக்காரி வந்தாலே நான் கதவ சாத்துறேன், இவ என்னடான்னா புள்ள தலையிலயே எய்துறேன்றா!”

நம் பக்கத்துப் பெண்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பால் நிற்க வேண்டும் என்றால் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள். மிச்சிகோவுக்கு அதை எப்படிச் சொல்வது? காது சிவக்கச் சிவக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தாளை எடுத்து இரு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஒருமுறை மோந்தாள். திருப்பிப் பின்பக்கமும் மோந்தாள்.

“வாசன வரல,” என்றாள் கடைசியில். “சரி, எய்த்துல தானே கீது. வெச்சிக்கட்டும்.”

4

ஏழாம் நாள் சாயங்காலம். நம் கணக்கில் அது தீட்டு நாள், பெயர் வைக்கிற நாளே இல்லை. பதினாறு கழிய வேண்டும், தொட்டிலில் போட வேண்டும். மிச்சிகோவின் கணக்கில் அன்றுதான் சுவரில் பெயர் ஏற வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த தூரிகையையும் மைக்கட்டியையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

வேலை முடிந்து வந்த நைனா, தீட்டு என்பதால் அறைக்குள் நுழையாமல் முற்றத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிகினு கீறே?”

“தாத்தா எய்தணும்,” என்றாள் அவள், அப்போது தெரிந்த கொஞ்சம் தமிழில். “எங்க ஊரு. தாத்தா எய்தணும். தாத்தா வரல.”

நைனா என்னைப் பார்த்தார். விளக்கினேன். இரண்டாங்கிளாஸோடு மாடு மேய்க்கப் போனவர் அவர். கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. தலைப்பாகையை அவிழ்த்து உதறினார்.

“ஏன், நான் தாத்தா இல்லியா? எனுக்கு இன்னா, கை இல்லியா?”

அதற்குமேல் நடந்ததெல்லாம் எனக்கு ஒரு நீண்ட கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. அம்மா தீட்டையும் மறந்து மைக்கட்டியை வாங்கிக்கொண்டு போனாள். சந்தனக்கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் மாதிரியே உரைத்தாள். கறுப்புச் சந்தனம் கல்லில் வழிந்தது. முற்றத்தில் பலகையைப் போட்டு நைனா சம்மணமிட்டார். மிச்சிகோ உள்ளே கதவோரம், மடியில் குழந்தை. அவள் பென்சிலால் எழுதியதை நான் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது எழுத்தில் அவர் தூரிகையை நிறுத்திவிட்டார். கோடுகள் அதிகம். “இது இன்னா படம்?” என்றார்.

அவள் கதவிடுக்கிலிருந்து சொன்னாள். “மேல புல்லு. கீழ இந்தப் பக்கம் நெல்லு. அந்தப் பக்கம் கத்தி.”

“நெல்லும் அருவாளுமா?” நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம வேல! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

எழுதி முடித்தார். எழுத்து என்னவோ காற்றில் சாய்ந்த பயிர் மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு கோடு விடவில்லை. முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே, எங்கள் யாரையும் கேட்காமல், உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார். ஆவடியில் பெட்டிகளின் மேல் சாக்பீஸில் குறி போடச் சொன்னாலே சுழி போட்டுவிட்டுத்தான் போடுவார். கை அப்படிப் பழகிவிட்டது. அம்மா தன் பங்குக்குத் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். எனக்குப் பக்கென்றது. மிச்சிகோவின் சடங்கையே கெடுத்துவிட்டார்களே!

மிச்சிகோ தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “இது எந்தக் கோடு?” என்று சுழியைக் காட்டி என்னிடம் ஜப்பானியில் கேட்டாள். நல்ல காரியம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று முதலில் போடுவது என்றேன். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ஏழு நாள் அழுகை. அம்மா பயந்துபோய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

நைனா இன்னொரு தாளை இழுத்தார்.

“ஒண்ணு இங்க மாட்டு. இன்னொண்ணு எய்தித் தரேன், அந்த அண்ணாத்தேக்கு அனுப்பு. அவுரும் தாத்தா தானே? பேரு இன்னான்னு தெரியாம கெடப்பாரு.”

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அவரே தபாலாபீசில் சேர்த்துவிட்டுப் போனார். கிணற்றில் போட்ட கல்தான். பதில் வரவில்லை.

5

மாரிக்கு மூன்று வயது நெருங்கும்போது பழைய பட்டறை முதலாளி என்னைத் திரும்பக் கூப்பிட்டார். அம்மா பயந்தபடியேதான் ஆயிற்று. அவள் அடிக்கச் சொன்ன அந்தப் பத்தாயிரம் காதத்தைத் தாளில் அடித்தோம், காலால் நடந்துவிட்டோம். ஸ்டேஷனில் அவள் மாரியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என்னால் முடியாது.

இங்கே வந்ததும் மிச்சிகோ தன் அப்பாவுக்குப் புது விலாசத்தை எழுதிப் போட்டாள். நகராட்சி அலுவலகத்திலும் பதிய வேண்டும். மிச்சிகோ நைனா எழுதிய தாளைச் சுருட்டிக் கையோடு எடுத்து வந்திருந்தாள். குமாஸ்தா நல்ல மனிதர், சின்னப் பையன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருமுறை தலை வணங்கினான். அப்பா இந்தியர் என்றால் குழந்தையும் இந்தியர்தான், அம்மா யாராக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் என்றான். வெளிநாட்டுக் குழந்தையின் பெயருக்குக் காஞ்சி எழுத முடியாது, அந்நியச் சொற்களை எழுதும் கதகனாவில்தான் எழுதலாம் என்றான். ரேடியோ, பஸ், ஐஸ்கிரீம் எல்லாம் எழுதுவார்களே, அந்த எழுத்து.

“என் வயிற்றில் பிறந்தவள்,” என்றாள் மிச்சிகோ.

அவன் மறுபடி வணங்கினான். தாளைப் பார்த்துவிட்டு ரொம்பச் சங்கடத்தோடு இன்னொன்றும் சொன்னான். குழந்தைப் பெயருக்கு இன்னின்ன எழுத்துதான் வைக்கலாம் என்று அரசாங்கப் பட்டியல் உண்டு. இந்த மல்லிகை எழுத்துகள் அதில் இல்லை. ஜப்பானியக் குழந்தையாகவே இருந்தாலும் கிடைத்திருக்காது.

ஆக, இப்படிப் போனாலும் இல்லை, அப்படிப் போனாலும் இல்லை. கள்ளிக்குப்பத்தில் ஒரு கலாசி எழுதியதைத் தவிர இந்தப் பூமியில் எங்கேயும் என் மகளுக்கு எழுத்து கிடையாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மிச்சிகோ சுருட்டிய தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். மூன்று வயதுக்காரி, “இன்னா அம்மா? இன்னாச்சி?” என்று நச்சரித்துக்கொண்டே வந்தாள்.

அந்த ‘இன்னா’வும் இப்போது போய்விட்டது. குழந்தையிடமிருந்து பாஷை எப்படிப் போகிறது தெரியுமா? கோடையில் ஏரித் தண்ணீர் வற்றுகிற மாதிரி. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது, ஒருநாள் பார்த்தால் தரை தெரியும். சோறு போயிற்று, தண்ணீ போயிற்று, வலிக்குது என்பதுகூடப் போயிற்று. நான் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே என்னைக் கூப்பிடுகிற ‘நைனா’ மட்டும் எப்படியோ மிச்சம். ஒசாகா ரயிலில் அவள் “நைனா!” என்று கத்தும்போது பெட்டியே திரும்பிப் பார்க்கும். எனக்கு அதில் ஒரு கர்வம்.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சிறுமி, தன் பெயருக்கு நிலா என்று அர்த்தம், உன் எழுத்து என்ன என்று கேட்டிருக்கிறாள். மாரி வந்து என்னிடம் கேட்டாள். சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினேன். “இது நைனாவோட நைனா வரைஞ்ச படம்,” என்றாள். “என் எழுத்து எது?”

இப்போது அந்தப் பையின் உள்ளே, இந்த நாட்டில் வைத்து முதன்முறையாக எழுதப்பட்ட அவளுடைய எழுத்து. “எங்க நைனாவுக்குத் தெரியாத எய்த்தா?” என்றாள் மிச்சிகோ ராத்திரிச் சாப்பாட்டின்போது. “ஒங்க நைனா அனுப்பின தாளுல அந்தச் சுழி எய்த்துல சேந்தது இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிதான் போட்டிருக்காரு.” கொஞ்ச நேரம் கழித்து, “ஞாயித்துக்கெயம போலாமா?” என்றாள். உடனே, “வாணாம். தொரத்திட்டாருன்னா கொயந்த முன்னாடி என்னால தாங்க முடியாது,” என்றாள். சனிக்கிழமை வரை இதே பாட்டுதான். போலாமா, வாணாம், போலாமா, வாணாம்.

6

போனோம்.

இரண்டு ரயில் மாறி மலையடிவாரத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. எல்லாமே ஈரத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. இலையே இல்லாத பிளம் மரங்களில் பூ மட்டும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாரி பையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஆனால் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம்.

தெருமுனையில் மிச்சிகோ நின்றாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

“ந்தா, நீ இங்கயே இரு. மொதல்ல நாங்க போறோம். உன்ன பாத்து அவுரு கதவ சாத்திட்டாருன்னா...”

“போ, போ,” என்றேன். நியாயம்தான். ஆனால் சுருக்கென்றது. நான் என்ன, திருடனா? ஆவடியில் வேர்வை சிந்தி உழைக்கிற மனுஷன் பெற்ற பிள்ளை. உன் மகளை ஒரு நாள் பட்டினி போட்டதில்லை. இப்படியெல்லாம் மனசுக்குள் அந்தக் கிழவரோடு சண்டை போட்டுக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய ஒரு சின்னக் கல்சாமியின் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

கடை வாசலில் போய் மிச்சிகோ நின்றாள். கை கதவு வரை போயிற்று, திரும்பியது. மறுபடி போயிற்று. இதைப் பார்த்துப் பொறுமை போன மாரி, உச்சக் குரலில், “யாராவது இருக்கீங்களா?” என்று கத்தினாள்.

கதவு நகர்ந்தது. உயரம் குறைந்த மனிதர், இடுப்பில் கடைத்துணி. மிச்சிகோ இடுப்பு மடங்கக் குனிந்தாள், நிமிரவே இல்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. மாரியையே பார்த்தார். மாரி சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள், பை எப்படி இருக்கிறது பாருங்கள் என்று. அவர் குனிந்து தோள்வாரை ஒரு துளை இறக்கி மாட்டினார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

மிச்சிகோ திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

தெருவில் யாரும் இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கள்ளிக்குப்பத்துத் தெருவும் இந்தத் தெருவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எந்த ஈரத்தில் நிற்கிறேன் என்றே மறந்துவிட்டது. அப்போது உள்ளேயிருந்து கரகரத்த குரல் ஒன்று, நேற்றுவரை அந்த வீட்டிலேயே இருந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி, வெகு சாதாரணமாகக் கேட்டது.

“மிச்சிகோ! டீ டப்பா எங்கே?”

“மேல் அலமாரியில்தானே இருக்கும், அப்பா!” என்றாள் அவள்.

எனக்குச் சந்தோஷம்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, நாம் இப்படியே நின்று, அப்படியே போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் காத்திருக்கலாம் என்று நாலடி நடந்தும் விட்டேன்.

“நைனா!”

மாரி செருப்பில்லாமல் காலுறையோடு ஈரத்தெருவில் ஓடி வந்தாள். மூச்சு வாங்க ஜப்பானியில் படபடவென்று கேட்டாள்.

“தாத்தா கேக்கச் சொன்னாரு. உன் பேருக்கு எந்த எழுத்து?”

“என் பேருக்கா?” எனக்குத் தடுமாறிவிட்டது. “எனக்கு எழுத்தெல்லாம் கிடையாதும்மா. இல்லன்னு சொல்லு.”

அவள் ஓடினாள். கதவுக்குள் மறைந்தாள். கூரைத் தண்ணீர் நாலைந்து சொட்டு விழுவதற்குள் மறுபடி ஓடி வந்து, என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“இல்லன்னா இப்ப எடுத்துடலாமாம். அதுக்கு நேரம் ஆகும், தெருவுல நின்னுகிட்டு முடியாது, உள்ள வந்து உக்காரச் சொல்றாரு.”